நல்ல நிதி ஆலோசகரால் என்ன பயன்? அவரை எப்படித் தெரிந்துகொள்வது?

மாலை ஆறு மணிக்கு மேல் டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி பிளாசா சிங்கப்பூரா பக்கம் நடப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கையில் கணினிப் பலகையுடன் இளையர் ஒருவர் சிரித்த முகத்தோடு வழிமறிப்பார். “இரண்டே நிமிடம், ஒரு சிறிய கருத்தாய்வு” என்பார். மாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள், காப்புறுதி இருக்கிறதா, ஓய்வுக்காலத்துக்குத் திட்டம் உண்டா என்று கேள்விகள் வரும். ஒரு சிறு பரிசுப்பொருளும் கைப்பேசி எண்ணைக் கேட்கும் படிவமும் கடைசியில் வரும்.

பெரும்பாலானோர் தலையசைத்துவிட்டு விலகிப் போகிறார்கள். சிலர் நிற்கிறார்கள். நிற்பதில் தவறில்லை. அந்த இளையர் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் அங்கு நிற்பது விற்பதற்காக. விற்பனையும் ஆலோசனையும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது எது எது என்று பிரித்தறியும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. சிங்கப்பூரில் நிதி ஆலோசகரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

பணத்துக்கு யாரை நம்புவது என்ற கேள்வி நம் சமூகத்துக்குப் புதிதல்ல. டோபி காட் என்ற பெயரே அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. 1859ல் அதைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் அமர்ந்து கடன் கொடுத்தார்கள். வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத சிறு வணிகர்களுக்கு அந்தக் கிட்டங்கிகளே வங்கி. பின்னாளில் சீட்டு நிறுவனங்கள் பெருகின. சீட்டு நிதிகளுக்கென்று 1971ல் தனிச் சட்டமே வந்தது. அப்படியும் 1970களின் முற்பகுதியில் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்தபோது சாதாரண மக்கள் பலர் சேமிப்பை இழந்தனர். தெரிந்தவர் சொன்னார், நம்மவர் நடத்துகிறார் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அந்தத் தலைமுறை நன்றாகவே அறியும்.

அண்மைக் காலத்தில் சிங்கப்பூரை உலுக்கியது ‘மினிபாண்ட்’ விவகாரம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நொடித்தது. அதோடு தொடர்புடைய மினிபாண்ட் உள்ளிட்ட கட்டமைப்புப் பத்திரங்களை இங்கு ஏறக்குறைய 10,000 பேர் வாங்கியிருந்தனர். மொத்தம் $500 மில்லியனுக்கும் மேல். பெயரில் ‘பாண்ட்’ என்று இருந்ததால் பலர் அதைக் கடன்பத்திரம் போலப் பாதுகாப்பானது என்று எண்ணினார்கள். வைப்புத்தொகையைவிட வட்டி அதிகம், விற்பவரோ பெயர்பெற்ற நிறுவனம். உண்மையில் அது பல நிறுவனங்களின் கடன் தகுதியோடு பின்னப்பட்ட சிக்கலான பத்திரம். முதிர்ச்சியடைந்த வைப்புத்தொகையை அதில் போட்ட முதியவர்களும் இருந்தார்கள்.

2008 அக்டோபரில் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் முதலீட்டாளர்கள் கூடினார்கள். என்டியுசி இன்கம் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி டான் கின் லியான் அந்தக் கூட்டங்களை நடத்தினார். விசாரணைக்குப் பிறகு 2009 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் 10 நிதி நிறுவனங்கள் கட்டமைப்புப் பத்திரங்களை விற்கத் தடை விதித்தது. தடைக்காலம் ஆறு மாதம் முதல் ஈராண்டுவரை. முதலீட்டாளர்களில் சிலருக்கு முழுத் தொகையும் சிலருக்கு ஒரு பகுதியும் கிடைத்தன. சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த 10,000 பேரில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரிடம் பேசிய பிறகுதான் கையெழுத்திட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ‘இது உங்களுக்கு வேண்டாம், உங்கள் வயதுக்கு இந்த இடர் பொருந்தாது’ என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு பல்லாயிரம் வெள்ளி.

விற்க எதுவும் இல்லாத அறிவுரை

நல்ல ஆலோசகர் சொல்லும் பயனுள்ள விஷயங்கள் பலவற்றில் அவருக்குத் தரகு கிடையாது. மத்திய சேமநிதியை (மசேநி) எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி, சிறப்புக் கணக்கில் குறைந்தது 4 விழுக்காடு. 35 வயதுக்காரர் ஒருவர், வீட்டுக்குத் தேவைப்படாத $20,000ஐ சாதாரணக் கணக்கில் அப்படியே விட்டால் 20 ஆண்டில் ஏறத்தாழ $32,770 ஆகும். சிறப்புக் கணக்குக்கு மாற்றினால் அதே காலத்தில் ஏறத்தாழ $43,820. வித்தியாசம் $11,000க்கும் மேல். மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது, சில நிமிட வேலை. ஆனால் மாற்றிய பணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வீடு வாங்கவும் பயன்படுத்த முடியாது. அதனால் “உங்களுக்கு வீவக வீட்டுத் தவணை எப்படிப் போகிறது, இன்னும் பெரிய வீட்டுக்கு மாறும் எண்ணம் உண்டா?” என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் இந்த யோசனையைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விதான் ஆலோசனை.

மசேநி நியமனமும் இப்படித்தான். உயில் எழுதிவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். மசேநி சேமிப்பு உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணம் அரசாங்கப் பொது அறங்காவலரிடம் சென்று, சட்டப்படி பிரிக்கப்படும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: திருமணம் ஆனதும் அதற்கு முன் செய்த நியமனம் ரத்தாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்! மணவிலக்கு ஆனால் நியமனம் தானாக ரத்தாவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளவேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்கும் ஆலோசகரை நம்பி இரண்டாம் சந்திப்புக்குப் போகலாம் என்பது என் கருத்து.

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களின் நிலை வேறு. எம்பிளாய்மெண்ட் பாஸில் உள்ள தமிழ்நாட்டுக்காரருக்கு மசேநி இல்லை. அவருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பு என்று தானாக எதுவும் சேர்வதில்லை. துணை ஓய்வுக்காலத் திட்டத்தில் வெளிநாட்டினர் ஆண்டுக்கு $35,700வரை போட்டு வருமான வரிக் கழிவு பெறலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வரம்பு $15,300. பிள்ளையின் கல்லூரிச் செலவு கோயம்புத்தூரில் ரூபாயில் வரப்போகிறதா, இங்கு வெள்ளியில் வரப்போகிறதா என்பதைப் பொறுத்தும் திட்டம் மாறும். இரு நாட்டு வரி விதிகளும் தெரியாத ஆலோசகர் ‘எனக்கு அது தெரியாது, தெரிந்தவரிடம் கேளுங்கள்’ என்று சொன்னால் அவர் நல்லவர்.

எவ்வளவு காப்புறுதி போதும்?

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு பொது அளவுகோல் உண்டு. ‘மணிசென்ஸ்’ தேசிய நிதிக் கல்வித் திட்டம் 2023ல் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி சில எண்களைத் தருகிறது. அவசரத் தேவைக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவுத்தொகை கையில் இருக்கவேண்டும். மரணம், முழு நிரந்தர உடற்குறை ஆகியவற்றுக்கு ஆண்டு வருமானத்தைப்போல் ஒன்பது மடங்கு காப்புறுதி. கடும் நோய்களுக்கு நான்கு மடங்கு. இவற்றுக்கான செலவு வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கையில் கிடைக்கும் சம்பளத்தில் குறைந்தது 10 விழுக்காட்டை முதலீடு செய்யலாம்.

மாதம் $4,500 ஈட்டும் ஒருவருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டு வருமானம் $54,000. ஒன்பது மடங்கு என்றால் $486,000. நான்கு மடங்கு என்றால் $216,000. ஒரே ஒரு ஆயுள் முழுவதற்குமான பாலிசியை வைத்து இந்த அளவை எட்ட முயன்றால் சந்தா கையைக் கடிக்கும். குறித்த காலத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தரும் ‘டெர்ம்’ காப்புறுதியில் இதே தொகைக்குச் சந்தா பல மடங்கு குறைவு. அதில் கடைசியில் பணம் திரும்பாது என்பதால் நம் பெற்றோர் தலைமுறைக்கு அது பிடிப்பதில்லை. “கட்டின காசெல்லாம் போச்சா?” என்பார்கள். தீப்பிடிக்காத வீட்டுக்குக் கட்டிய தீக்காப்புறுதிச் சந்தாவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்று பொறுமையாக விளக்குவதும் ஆலோசகர் வேலைதான்.

ஆலோசகரே வேண்டாம் என்றாலும் வழியுண்டு. 2015 ஏப்ரலிலிருந்து, தரகு இல்லாமல் காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் எளிய ஆயுள் காப்புறுதிகள் விற்பனைக்கு இருக்கின்றன. டெர்ம் வகையில் ஒரு நிறுவனத்திடம் $400,000வரை வாங்கலாம். நிறுவனங்களின் சந்தாவை ‘கம்பேர்ஃபர்ஸ்ட்’ இணையத்தளத்தில் ஒப்பிடலாம். மசேநி முதலீட்டுத் திட்டத்தின்கீழ் வாங்கும் முதலீடுகளுக்கு 2020 அக்டோபரிலிருந்து விற்பனைக் கட்டணம் வசூலிக்கக்கூடாது. இவற்றை ஆலோசகர் தாமாகவே உங்களிடம் சொன்னால், அவர் வாயால் அவர் வருமானம் குறைகிறது என்று அர்த்தம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

‘ஆலோசனை இலவசம்’ என்று சொல்பவருக்கும் குடும்பம் இருக்கிறது. காப்புறுதி நிறுவனம் ஒன்றின் முகவர் அந்த நிறுவனத்தின் திட்டங்களைத்தான் விற்கமுடியும். வங்கி அதிகாரி தம் வங்கி ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனங்களின் திட்டங்களைச் சொல்வார். நிதி ஆலோசனை நிறுவனங்களின் பிரதிநிதிகள் பல நிறுவனத் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டலாம். அவர்களில் பெரும்பாலோருக்கும் தரகுதான் வருமானம். வாடிக்கையாளரிடம் கட்டணம் மட்டும் வாங்குபவர்கள் சிலரே. ‘சுயேச்சையான’ ஆலோசகர் என்று தம்மை அழைத்துக்கொள்வதற்கே இங்கு விதி உண்டு. தரகு போன்ற, நலன் முரண்பாட்டை உண்டாக்கும் வருமானம் வாங்குபவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது.

தரகு வாங்குவது குற்றமன்று. அது எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். முன்பு பெரும்பகுதித் தரகு பாலிசி விற்ற தொடக்கத்திலேயே வந்துவிடும். பிறகு வாடிக்கையாளரைத் தேடி வர ஆலோசகருக்குக் காரணமே இராது. 2012ல் தொடங்கிய நிதி ஆலோசனைத் துறை மறுஆய்வுக்குப் பிறகு இது மாறியது. தொடர் சந்தா ஆயுள் காப்புறுதிகளுக்கான தரகு ஆறு ஆண்டுகளுக்குப் பரப்பப்படுகிறது. முதலாண்டில் 55 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. 2016 ஜனவரியிலிருந்து விற்பனை அளவை மட்டும் வைத்து ஆலோசகரை மதிப்பிட முடியாது. வாடிக்கையாளரின் தேவையைப் புரிந்துகொண்டாரா, பொருத்தமானதைப் பரிந்துரைத்தாரா, தகவல்களை முழுதாகச் சொன்னாரா, நெறியோடு நடந்தாரா என்று நான்கு வகையில் தரப்படுத்தப்படுகிறார். தரம் குறைந்தால் அவரது மாறுபடும் வருமானமும் குறையும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் அறியவேண்டிய பாதுகாப்பு ஒன்று இந்த மாற்றங்களோடு வந்தது. 62 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாமை, சாதாரண நிலை அல்லது வழக்கநிலைத் தேர்வுக்குக் கீழான கல்வித் தகுதி ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் அவர் தனிக் கவனத்துக்குரிய வாடிக்கையாளர். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம் என்பதை ஆலோசகர் அவருக்குச் சொல்லவேண்டும். விற்பனை முடிவதற்கு முன் ஆலோசகரின் மேலதிகாரி அவரை அழைத்து, என்ன வாங்குகிறார் என்பது அவருக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் 65 வயது அம்மாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். “நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று யாராவது அவரிடம் சொன்னால் அது நல்ல அறிகுறியில்லை. பிள்ளைகளும் ‘அம்மா பெரியவங்க, அவங்க காசு’ என்று ஒதுங்காமல் அந்தச் சந்திப்பில் உட்கார்ந்திருப்பது நல்லது.

பயந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்

முதலீட்டு நிறுவனமான வேன்கார்ட், நல்ல ஆலோசகர் வாடிக்கையாளரின் நிகர ஆதாயத்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 3 விழுக்காடுவரை கூட்டலாம் என்று 2014ல் மதிப்பிட்டது. அதில் பாதி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் திறமையால் வருவதில்லை. சந்தை விழும்போது வாடிக்கையாளரைப் பதறவிடாமல் பார்த்துக்கொள்வதால் வருகிறது என்பது அதன் கணக்கு. ஆலோசகர்கள் வழியாகவும் வணிகம் செய்யும் நிறுவனம் சொல்வது என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் கருத்து சரி.

2007 அக்டோபரில் 3,800 புள்ளிகளைத் தாண்டிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2009 மார்ச்சில் 1,460க்கும் கீழே இறங்கியது. கொவிட்-19 பரவிய 2020 மார்ச் 23ஆம் தேதி 2,233ல் முடிந்தது. 2025ல் அதே குறியீடு 4,000ஐத் தாண்டியது. தாளில் பார்க்கும்போது காத்திருப்பது எளிது. கணக்கில் இருந்த பணம் பாதியாகக் குறைந்து, வேலையும் போகுமோ என்ற அச்சத்தில் இருக்கும்போது எளிதல்ல. அப்போது தொலைபேசியை எடுத்து, “இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் இதில் இல்லை என்று அன்றைக்கே பார்த்துவிட்டோம், நினைவிருக்கிறதா?” என்று சொல்ல ஒருவர் இருக்கவேண்டும். அப்படிச் சொல்ல, அன்றைக்கே அதைப் பார்த்திருக்கவும் வேண்டும்.

அதற்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் கணக்குதான். $100,000 முதலீடு 25 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழ $266,600 ஆகும். அதில் 1 விழுக்காடு கட்டணமாகப் போய் 3 விழுக்காடே மிஞ்சினால் ஏறத்தாழ $209,400. ‘ஒரே ஒரு விழுக்காடு’ என்பது $57,000. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்க எல்லா உரிமையும் உண்டு.

பழைய பாலிசியை ரத்துசெய்துவிட்டுப் புதியது எடுக்கச் சொல்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. சில நேரம் அது சரியான ஆலோசனையாக இருக்கலாம். ஆனால் பழையதை இடையில் விட்டால் இழப்பு, புதியதில் மீண்டும் கட்டணம். மருத்துவக் காப்புறுதியில் ஆபத்து இன்னும் பெரிது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். பத்தாண்டுக்கு முன் உடல்நலத்தோடு இருந்தபோது எடுத்த திட்டத்தை விட்டு, நீரிழிவு வந்த பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்த நோய்க்குப் புதிய திட்டம் பாதுகாப்புத் தராமல் போகலாம். சந்தா $20 குறைகிறது என்பதற்காக இதைச் செய்யச் சொல்பவர் உங்களுக்கு ஆலோசகர் அல்ல.

ஒருவரைச் சந்திப்பதற்கு முன் சிங்கப்பூர் நாணய ஆணைய இணையத்தளத்தில் உள்ள பிரதிநிதிகள் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். எந்த நிறுவனத்தின் பிரதிநிதி, எந்தச் சேவைகளுக்கு அனுமதி பெற்றவர் என்பது தெரியும். பெயர் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். சந்திப்பில், இந்தத் திட்டத்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும், இதே தேவைக்கு இதைவிட மலிவான வழி உண்டா, மூன்றாம் ஆண்டில் நான் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதில் ஆதாய விளக்க அட்டவணையில் எண்ணாகவே இருக்கும். உத்தரவாதமுள்ள தொகை ஒரு பத்தியிலும் உத்தரவாதமில்லாத தொகை வேறு பத்தியிலும் இருக்கும். விற்பவரின் விரல் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பாருங்கள்.

கையெழுத்திட்ட பிறகும் அவகாசம் உண்டு. ஆயுள் காப்புறுதிப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மனம் மாறினால் ரத்துசெய்யலாம். முதலீட்டோடு இணைந்த பாலிசியாக இருந்தால் அதற்குள் சந்தை இறங்கிய அளவு கழிக்கப்படும். அறக்கட்டளை நிதி எனப்படும் யூனிட் டிரஸ்டுகளுக்கு இந்த அவகாசம் ஏழு நாள்.

தவறாக விற்கப்பட்டதாகக் கருதினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துவடிவில் புகார் செய்யவேண்டும். அதன் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அந்தப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் ‘ஃபிட்ரெக்’ எனும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். 2005ல் தொடங்கிய இந்த நிலையம் முதலில் சமரசத்துக்கு முயலும், முடியாவிட்டால் தீர்ப்புக்கு அனுப்பும். 2024 ஜூலை முதல் ஒரு கோரிக்கைக்கு $150,000வரை அது விசாரிக்கிறது. அதன் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும். புகாருக்கு, ஆலோசகர் உங்களைப் பற்றிக் கேட்டு நிரப்பிய தகவல் படிவத்தின் நகல்தான் முதல் ஆதாரம். கையெழுத்திடும் அன்றே அதன் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.